பாங்காக்கில் குடும்பத்தோடு நான்கு ராத்திரி: பொழுதை ஆறு மணிக்குத் தொடங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மனைவி, 14 வயது மகள், 66 வயது அம்மா, நீங்கள், நான்கு ராத்திரி பாங்காக்கில் தங்குகிறீர்கள். பகலுக்கு ஆயிரம் யோசனை கிடைத்துவிட்டது. இருட்டிய பிறகு என்ன செய்வது, அவர்களுடைய பழைய கலை எதையாவது பார்க்க முடியுமா, நவீனமாக எது இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், பாங்காக் என்று சொன்னதுமே ஆபீசில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு ஒரு குடும்பம் அந்த ஊரில் பயமில்லாமல், கூச்சமில்லாமல் வெளியே போய் வர முடியுமா என்பதுதானே? தாராளமாக முடியும். நம் பெருநகரங்களில் பலவற்றைவிட அங்கே பெண்கள் ராத்திரி பதினோரு மணிக்குச் சாதாரணமாக நடந்து போவதைப் பார்ப்பீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 2009லிருந்து சென்னையிலிருந்து சின்னச் சின்னக் குழுக்களை அழைத்துப் போகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் குடும்பங்கள், ஓய்வுபெற்றவர்கள். அங்கே சுற்றுலா வழிகாட்டி வேலையைத் தாய்லாந்துக் குடிமக்கள் மட்டும்தான் செய்யலாம் என்பது சட்டம், அதனால் எங்களோடு எப்போதும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இருப்பார். எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிப்பட்டவர்களிடம் கற்றுக்கொண்டது. டான்ஸ் கிளப் விஷயத்தில் என் அனுபவம் குறைவு, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அப்புறம் கூட்டி வந்ததோடு சரி. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்வேன்.

நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, பகலெல்லாம் வெயிலில் அலைந்து, ஆறு மணிக்கு ஹோட்டலுக்கு வந்து படுத்து, ஒன்பதரைக்கு எழுந்து "இப்ப எங்க போகலாம்" என்று கேட்பது. அந்த நேரத்தில் மிஞ்சுவது பாரும் கிளப்பும்தான். தாய்லாந்துக்காரர்களுக்கே உரிய மாலைப் பொழுது ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் பாதி முடிந்துவிடும். ஆகவே மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குங்கள், ஐந்து மணிக்குக் குளித்துக் கிளம்புங்கள். உங்கள் நான்கு நாள் பயணத்தில் இந்த ஒரு மாற்றம் செய்தாலே போதும், மற்றதெல்லாம் தானாக அமையும்.

முதல் நாள் மாலை லும்பினி பூங்காவுக்குப் போங்கள். காசு கிடையாது. ஐந்தரை மணி வாக்கில் மேடையில் ஒருவர் நின்று பாட்டுப் போட்டு உடற்பயிற்சி நடத்துவார், கீழே நூற்றுக்கணக்கானவர்கள், ஆபீஸ் முடித்து வந்தவர்கள், பாட்டிகள், எல்லோரும் கையைக் காலை வீசிக்கொண்டிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருந்தவர்கள், சைக்கிள்காரர்கள், பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த அம்மா, எல்லோரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். கீதம் முடிந்த அடுத்த நொடி எல்லாம் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். முதல்முறை பார்க்கும்போது எனக்குச் சிலிர்த்தது, இன்றைக்கும் அந்த நேரத்தில் அங்கே இருக்க முடிந்தால் தவறவிடுவதில்லை. தியேட்டரில் சினிமா தொடங்கும் முன் அரசருக்கான கீதம் வரும், அதற்கும் எழுந்து நிற்க வேண்டும் என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சிட் லோம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய பெரிய மால்களுக்கு நடுவே தெருமுனையில் ஒரு சின்னக் கோயில். ஏரவான் என்பார்கள். நம் ஐராவதம்தான். உள்ளே இருப்பவர் நான்முகன், அவர்கள் மொழியில் தாவ் மகா பிரோம். 1956ல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டும்போது விபத்துகள் தொடர்ந்து நடந்ததால் ஜோசியர் சொல்லி வைத்தது என்பது கதை. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் காண்பதே அரிது, அங்கே ராத்திரி வரை கூட்டம் குறையாது. வேண்டிக்கொண்டது நடந்தால், வந்து காசு கட்டி நடனம் ஆட வைத்து நன்றி சொல்வார்கள். ஓரமாக ஒரு சின்ன மண்டபம், கிரீடம் வைத்த பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ரனாட் இசைப்பார், ஒருவர் மேளம். நேர்ந்துகொண்டவர் கையில் ஊதுபத்தியோடு முழங்காலிட்டு உட்கார, அவர் பின்னால் நடனப் பெண்கள் நின்று பாடிக்கொண்டே மெதுவாக விரல்களைப் பின்னால் வளைத்து ஆடுவார்கள். இரண்டு பேர் ஆடுவதா, எட்டுப் பேரா என்பது கட்டும் தொகையைப் பொறுத்தது, அவர்கள் பணத்தில் சில நூறு பாட்தான். ஒருமுறை ஒரு நடுத்தர வயதுப் பெண், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டைகூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்து, அந்த ஆட்டம் முடியும் வரை கண்ணைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் கார் ஹாரன், தலைக்கு மேல் ரயில். கண்ணெதிரே ஒரு நேர்த்திக்கடன் தீர்ந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மாவுக்கு இதைவிட நல்ல முதல் மாலை என்னால் சொல்ல முடியாது. படம் எடுக்கலாம், ஆனால் கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

இப்போது பழைய கலை. தாய்லாந்தின் உச்சமான கலை என்றால் கோன் என்னும் முகமூடி நாட்டிய நாடகம். 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் ஆடுவது ஒரே கதை, ராமாயணம், அவர்கள் பெயரில் ராமகியன். இன்றைய சக்ரி வம்சத்தின் முதல் அரசர், முதலாம் ராமர், அதை முழுமையாக எழுதவைத்தார். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கதை தெரியும் என்பதால் மொழி தெரியாமலே பின்தொடர முடியும், வெள்ளைக்காரப் பயணிகளுக்கு இல்லாத வசதி இது. நம் ராவணன், அதாவது தசகண்டன், அங்கே தோட்சகான், பச்சை முகம். அனுமான் வெள்ளை முகம். குரங்குகளும் அரக்கர்களும்தான் இப்போது முகமூடி போடுகிறார்கள், ராமனும் சீதையும் சொந்த முகத்தோடே வருவார்கள். முகமூடி போட்டவர் வாயைத் திறந்து பேச முடியாது இல்லையா, அதனால் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் வசனமும் பாட்டும் சொல்ல, அதற்கு ஆடுபவர் உடம்பு முழுக்கப் பதில் சொல்லும். தோட்சகான் கோபப்பட்டால் முகத்தில் ஒன்றும் மாறாது, ஆனால் கால் தரையில் விழும் விதத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். உடை கனமான ஜரிகை வேலை, அதை ஆடுபவர் மேல் வைத்து ஊசி நூலால் தைத்துத்தான் மேடைக்கு அனுப்புவார்கள், ஆட்டம் முடிந்ததும் தையலைப் பிரிக்க வேண்டும்.

கதை நம்முடையது போலவே போய்த் திடீரென்று வேறு பக்கம் திரும்பும், அதுதான் சுவை. அவர்கள் அனுமன் பிரம்மசாரி இல்லை. தோட்சகானின் மகளான கடல்கன்னி சுபன்னமச்சா மேல் காதல் கொள்கிறான், ஒரு பிள்ளையும் பிறக்கிறது. விபீஷணனின் மகள் பெஞ்சகாய் சீதையின் பிணம் போல வேஷம் போட்டு ஆற்றில் மிதந்து வருகிற அத்தியாயம் மிகப் பிரபலம். ராமன் அழுகிறான், அனுமனுக்குச் சந்தேகம், சிதையில் வைத்துப் பார்ப்போம் என்கிறான், தீ மூட்டியதும் அவள் புகையோடு எழுந்து பறக்கிறாள். ஒரு குழுவில் வந்திருந்த கும்பகோணம் பாட்டி ஒருவர் அனுமன் அவளைத் துரத்திப் பிடித்துச் சரசமாடுவதைப் பார்த்துவிட்டு "இது நம்ம ஆஞ்சநேயரே இல்லை" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றியே பேசினார், மறுநாளும் பேசினார். நான்கு நாள் பயணத்தில் அவருக்கு மனதில் நின்றது அதுதான் என்று அவர் மகன் பிற்பாடு சொன்னார். போவதற்கு முன்னால் மகளுக்கும் அம்மாவுக்கும் இந்த இரண்டு கதையையும் சொல்லிவிடுங்கள்.

எங்கே பார்ப்பது? அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டவருக்கு 500 பாட் டிக்கெட் வாங்குவீர்கள், அதிலேயே சாலா சலெர்ம்குருங் என்ற அரங்கில் ஒரு குட்டி கோன் நிகழ்ச்சியும் சேர்ந்திருக்கிறது. பலருக்குத் தெரியாமல் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். அரை மணிக்கும் குறைவான நிகழ்ச்சி, பகல் நேரம், அரண்மனையிலிருந்து வண்டியும் உண்டு. அந்த அரங்கே ஒரு வரலாறு, ஏழாம் ராமர் காலத்தில் 1933ல் சினிமா தியேட்டராகத் திறந்தது. இது ராத்திரி நிகழ்ச்சி இல்லையே என்பீர்கள். சரி, ஆனால் அம்மாவோடு போகிறவர்களுக்கு இதுதான் தோது, குறைந்த நேரம், உட்கார நல்ல நாற்காலி, குளிர்சாதனம். முழு நீளக் கோன் வேண்டுமானால் சனாம் லுவாங் மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள தேசிய அரங்கின் நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள், டிக்கெட் மலிவு. வருஷத்தில் ஒருமுறை, வழக்கமாக நவம்பர் வாக்கில், தாய்லாந்து கலாசார மையத்தில் மிகப் பெரிய செலவில் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்துப் போடுவார்கள். உங்கள் தேதியோடு பொருந்தினால் மற்ற எதை விட்டாலும் அதை விடாதீர்கள். டின்னரோடு நாட்டியம் காட்டும் உணவகங்களும் நிறைய உண்டு. அங்கே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நடனமாகத் துண்டு துண்டாகக் காட்டுவார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும், கலையை அறிய அது போதாது என்பது என் கருத்து.

சாலா சலெர்ம்குருங் அரங்கிலிருந்து நடக்கிற தூரத்தில் பெரிய ஊஞ்சல் நிற்கிறது, இரண்டு சிவப்புத் தூண்கள். ஊஞ்சல் ஆடுவது 1935ல் நின்றுபோனது, ஆனால் எதிரே தேவஸ்தான் என்ற பிராமணக் கோயிலில் நம் மார்கழி வாக்கில் இன்றும் ஒரு சடங்கு நடக்கிறது. அதன் பெயர் திரியம்பவாய் திரிபவாய். இரண்டுமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை. எந்தக் காலத்திலோ கடல் கடந்து போன பாசுரம், சொல் சிதைந்தும் முறை விடாமல் ஓதப்படுகிறது. ஊஞ்சலைக் கடக்கும்போது அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது முவாய் தாய், தாய்லாந்தின் குத்துச்சண்டை. ரத்தம் பார்க்கப் பயந்தவர்கள் இதைத் தாண்டிவிடலாம், முழங்கையால் அடிப்பதே அனுமதி உள்ள விளையாட்டு, நெற்றி கிழியும். ஆனால் வன்முறை என்று நினைத்து வந்த பெண்கள் பலர், முதல் பத்து நிமிஷத்தில் மனம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். காரணம், சண்டைக்கு முந்தைய சடங்கு. வீரர் தலையில் மோங்கோன் என்ற வளையத்தோடு வந்து, நான்கு பக்கக் கயிற்றையும் தொட்டபடி சுற்றி, நடுவில் முழங்காலிட்டு மூன்றுமுறை குனிந்து குருவை வணங்குவார். அந்த வணக்கத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லே வாய் குரு. பிறகு மெதுவான ஆட்டம். எந்தப் பயிற்சிக்கூடத்திலிருந்து வந்தவர் என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தவர்களுக்குத் தெரியும். முடிந்ததும் குரு வந்து மந்திரம் சொல்லி வளையத்தைக் கழற்றுவார். இதற்கெல்லாம் நேரடி வாத்தியம் உண்டு: நாயனம் மாதிரி ஒரு குழல், தாளம், இரண்டு மேளம். அந்த மேளத்தின் பெயர் குளோங் கேக். கேக் என்றால் விருந்தாளி, அதாவது மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள், இந்தியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோருக்கும் அவர்கள் வைத்த பொதுப்பெயர். சண்டை சூடுபிடிக்கப் பிடிக்க வாத்தியமும் வேகமெடுக்கும். உட்காரும்போது வாத்தியக்காரர்களைப் பார்க்க முடிகிற பக்கமாக உட்காருங்கள்.

மரபான போட்டி மூன்று நிமிஷமாக ஐந்து சுற்று, இடையில் இரண்டு நிமிஷம் ஓய்வு. முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கும், போன் பார்க்கத் தோன்றும், பொறுங்கள். மூன்றாவது சுற்றில் மேல் வரிசைகளிலிருந்து கைகளை உயர்த்திப் பந்தயம் கட்டும் கூச்சல் கிளம்பும், விரல்களாலேயே பேரம், அப்புறம் ஒவ்வொரு உதைக்கும் அரங்கம் முழுக்க "ஓய்!" என்று ஒரே குரல். குத்தைவிட உதைக்கும் முழங்கால் அடிக்கும்தான் மதிப்பு அதிகம், அடித்துவிட்டுத் தடுமாறாமல் நிற்பவருக்கு இன்னும் மதிப்பு. அரங்கங்களில் ராஜதம்னன் 1945லிருந்து இருக்கிறது, ஊருக்குள்ளேயே இருப்பதால் குடும்பங்களுக்கு அதைத்தான் சொல்வேன். லும்பினி அரங்கம் 1956ல் தொடங்கியது, 2014ல் வடக்கே ராம் இந்த்ரா பக்கம் போய்விட்டது, பூங்காவுக்குப் பக்கத்தில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த லும்பினியில் பெண்கள் சண்டை மேடையில் ஏறவே கூடாது என்று இருந்த தடை 2021ல்தான் உடைந்தது. மகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. சில இரவுகளில் விளக்கும் திரையும் அதிரும் பாட்டுமாக மூன்று சுற்றுப் போட்டிகளாக நடத்துகிறார்கள், அது புதுமோடி. வாய் குருவை நிதானமாகப் பார்க்க ஆசை என்றால் ஐந்து சுற்றுள்ள மரபான நாளைக் கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டை அரங்கத்தின் சொந்த இணையதளத்திலோ கவுன்ட்டரிலோ வாங்குவது நல்லது, வாசலில் மடக்குபவர்களிடம் வேண்டாம். மேடையை ஒட்டிய இருக்கை விலை அதிகம், நடு வரிசையே போதும், பந்தயக்காரர்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சாப்பாடு. ராத்திரி பாங்காக் என்றால் தெருவில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான், அதற்கு யாவராட், சீனர் தெரு. வாட் மங்கோன் மெட்ரோவில் இறங்கினால் போதும். ஏழு மணிக்குச் சிவப்பு மஞ்சள் நியான் பலகைகள் எரிய ஆரம்பித்து, நடைபாதை முழுக்க மேஜை விழுந்துவிடும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், வண்டிக்கடைகள் பெரும்பாலும் லீவு. சைவம் என்றால் கவனம் வேண்டும், காய்கறி வதக்கல் என்று வாங்கினாலும் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், தப்பாக நினைத்துச் செய்வதில்லை, அது அவர்களுக்கு உப்பு மாதிரி. "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். பூண்டு வெங்காயம்கூட இல்லாத சீன பௌத்தச் சைவம் அது, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அம்மாவுக்குச் சோறும் சப்பாத்தியும் வேண்டுமென்றால் பாஹுரட் இந்தியக் கடைத்தெரு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

ராத்திரிச் சந்தைகள் விஷயத்தில் பழைய கட்டுரைகளை நம்பி வண்டி ஏறாதீர்கள். இவை பெரும்பாலும் குத்தகை நிலத்தில் நடப்பவை, குத்தகை முடிந்தால் அடுத்த மாதமே இருக்காது. கலர் கலர் கூடாரமாக எல்லோரும் படம் எடுத்துப் போட்ட ராட்சடா ரயில் சந்தை 2021ல் மூடியது, அதே ஆட்கள் ஜாட் ஃபேர்ஸ் என்று ராமா 9 பக்கம் புதிதாகத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஆடிய சியாம் நிராமிட் என்ற பிரம்மாண்ட நிகழ்ச்சியும் பாங்காக்கில் 2021லேயே நின்றுவிட்டது, இன்னமும் பல பட்டியல்களில் முதல் இடத்தில் இருக்கிறது. கோயில்களும் ஆறும் இடம் மாறாது, சந்தையும் ஷோவும் மாறும். கிளம்பும் அன்று வரைபடத்தில் சமீபத்திய கருத்துகளைப் பார்த்துவிடுங்கள்.

ஆற்றில் டின்னர் படகு எல்லோரும் போவது. இரண்டு மணி நேரம், பஃபே, மேல்தளத்தில் பாட்டு, வாட் அருண் கோபுரம் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்திலேயே நகர்ந்து போகும். அம்மாவுக்கும் மகளுக்கும் பிடிக்கும், நான் தடுக்க மாட்டேன், இந்தியச் சாப்பாடு உள்ள படகுகளும் நிறைய. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகில் இருபது பாட்டுக்கும் குறைவான டிக்கெட்டில், ஆபீஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு நின்றுகொண்டு அதே கோபுரத்தைப் பார்ப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். ஏழு மணிக்குள் அந்தச் சேவை முடிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியாட்டீக் என்ற ஆற்றங்கரை வளாகம் பழைய கப்பல் துறையை மாற்றிக் கட்டியது, ராட்டினம், கடைகள், காற்று. சாதோன் துறையிலிருந்து படகில் போகலாம். அங்கே கலிப்சோ என்ற கேபரே நடக்கிறது, ஆடுபவர்கள் திருநங்கைகள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது, பாட்டும் உடையும் நகைச்சுவையும். கேலி செய்யும் இடமாக நினைத்துப் போகாதீர்கள், வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்த மேடைக் கலைஞர்கள் அவர்கள். உயரமான இடம் வேண்டுமென்றால் மகாநகோன் கட்டடம், 314 மீட்டர், உச்சியில் கண்ணாடித் தரை. பொழுது சாய்வதற்கு அரை மணி முன் ஏறுங்கள், பகலும் ராத்திரியும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். கூரை பார்களில் அரைக்கால்சட்டை, ரப்பர் செருப்பு போட்டால் உள்ளே விட மாட்டார்கள், 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது கிடையாது, பல பார்களில் அவர்களுக்கு அனுமதியே இல்லை. மகளோடு போவதானால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களும் மனைவியும் மட்டும் ஒரு ராத்திரி வெளியே போக முடிந்தால், பாட்டுக் கேட்கப் போங்கள். விக்டரி மானுமென்ட் பக்கத்தில் சாக்ஸபோன் என்ற இடம் 1987லிருந்து நடக்கிறது, மரப்படிகள், நெருக்கமான மேஜைகள், ஜாஸும் ப்ளூஸும், மேடைக்கு மிகப் பக்கத்தில் உட்காரலாம். இதைவிட ஆழமாக வேண்டுமென்றால் இசான் கூடங்கள். இசான் என்பது வடகிழக்குத் தாய்லாந்து. வாஸ்து பார்ப்பவர்கள் சொல்லும் ஈசான மூலை, அதே சொல்தான். பாங்காக்கில் டாக்சி ஓட்டுகிறவர், கட்டட வேலை செய்கிறவர், ஹோட்டலில் அறை துடைக்கிற அம்மா, பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் பாட்டு மோ லாம். மூங்கில் குழல்களை அடுக்கிச் செய்த கேன் என்ற வாத்தியம் இல்லாமல் அது இல்லை. பெரிய கூடம், மேடையில் பாடகர், பின்னால் வரிசையாக ஆடும் பெண்கள், முன்னால் நூறு மேஜை. பிடித்த பாடகருக்கு மாலை வாங்கிப் போடுவார்கள், அதில் பணத்தாள் செருகியிருக்கும். நம் ஊர்த் திருவிழாக் கச்சேரியில் அன்பளிப்புக் குத்துவது நினைவுக்கு வரும். ஒருமுறை பக்கத்து மேஜையில் இருந்த டாக்சிக்காரர் ஒரு பாட்டு வந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கம்மா ஊர் பாட்டு" என்று வழிகாட்டி மூலம் எனக்குச் சொன்னார். நானறிந்த பாங்காக் ராத்திரிகளில் மிக நல்லது அதுதான். கிளப் பக்கம் ஆசை இருந்தால் இளைஞர்கள் போகும் இடம் தோங் லோ, எக்கமாய். பயணிகள் கூடும் இடம் காவ் சான் தெரு, காது அடைக்கும்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. பட்போங், நானா, சோய் கவ்பாய் என்று நான்கைந்து சின்னத் தெருக்களை வைத்து ஒரு கோடிப் பேர் வாழும் ஊரையே பேசுகிறார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொழில் அங்கே குற்றம், ஆனாலும் கண்ணெதிரே நடக்கிறது, மறைத்துப் பேச ஒன்றுமில்லை. அங்கே நிற்கும் பெண்களில் பலர் நான் சொன்ன அதே இசான் கிராமங்களிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள். அவர்களைப் படம் எடுப்பது, கிண்டல் செய்வது, விலை கேட்டு விளையாடுவது, இதையெல்லாம் நம் ஆண்கள் கூட்டமாகப் போகும்போது செய்கிறார்கள், அதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருக்கிறது. 2013ல் என் குழுவில் இரண்டு பேர் சொல்லாமல் போய், தெருவில் ஒருவர் காட்டிய அட்டையை நம்பி மாடி ஏறினார்கள். பீர் நூறு பாட், ஷோ இலவசம் என்று பேச்சு. இறங்கும்போது இருவருக்கும் சேர்த்துப் பல ஆயிரம் பாட் பில், கதவில் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். எனக்குப் போன் வந்தபோது மணி ஒன்றரை. சுற்றுலா போலீஸ் எண் 1155, அதைக் கூப்பிடுகிறோம் என்று சொன்னதுமே தொகை பாதியானது. மாடியில் நடக்கும் எதற்கும் தெருவில் கூப்பிட்டால் போகாதீர்கள், கதை அவ்வளவுதான். குடும்பத்தோடு நடக்கும்போது இந்தத் தெருக்கள் குறுக்கே வந்தாலும் யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

போக்குவரத்து: மேம்பால ரயிலும் மெட்ரோவும் நள்ளிரவோடு முடியும். அதற்குப் பிறகு செயலி வழியே வண்டி பிடியுங்கள், மீட்டர் டாக்சி என்றால் 35 பாட்டில் தொடங்கும், மீட்டர் போட மாட்டேன் என்பவரை விட்டுவிட்டு முக்கியச் சாலைக்கு நடந்து அடுத்ததைப் பிடியுங்கள். டுக்டுக் ஒருமுறை ஏறலாம், ஏறும் முன் விலை பேசிக்கொண்டு. 2023 டிசம்பரிலிருந்து பாங்காக்கில் உரிமம் பெற்ற இடங்கள் காலை 4 மணி வரை திறக்கலாம் என்றானது. மாக பூஜை, வைசாக பூஜை மாதிரியான பௌத்த நாட்களில் சில பார்கள் மூடியிருக்கலாம், அதை அறியாமல் போய் ஏமாற வேண்டாம். மின்சிகரெட் அங்கே சட்டவிரோதம், பையில் வைத்திருந்தாலே தொல்லை.

நான்கு ராத்திரியை நானாக இருந்தால் இப்படி வைப்பேன்: முதல் நாள் பூங்காவும் ஏரவானும். இரண்டாம் நாள் பகலில் அரண்மனை, டிக்கெட்டோடு வரும் கோன், மத்தியானத் தூக்கம், மாலையில் படகு, யாவராட். மூன்றாம் நாள் முவாய் தாய், அம்மாவுக்கு அலுப்பாக இருந்தால் அவருக்கு அன்று ஹோட்டலும் கால் பிடித்துவிடும் கடையும். நான்காம் நாள் மகாநகோன் உச்சியோ ஏசியாட்டீக்கோ மகள் முடிவு செய்யட்டும், அவர்கள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் சாக்ஸபோன்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. தேதி இன்னும் உங்கள் கையில்தான் என்றால் நவராத்திரியை ஒட்டி வையுங்கள். சிலோம் சாலையில், பட்போங்கிலிருந்து நடக்கிற தூரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஊரார் அதை வாட் கேக் என்பார்கள், விருந்தாளிகளின் கோயில். விஜயதசமி ராத்திரி அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தாய்லாந்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளை உடுத்தி, நடைபாதையில் சின்னச் சின்னப் பீடம் போட்டு, சாமந்தியும் தேங்காயும் விளக்கும் வைத்து உட்கார்ந்து அம்மன் வரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நம் முகங்கள்தான் குறைவாக இருக்கும். ஹோட்டல் சிலோம் பக்கம் என்றால் அன்று பிற்பகலிலேயே அறைக்குத் திரும்பிவிடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் வண்டி எதுவும் உள்ளே வராது. அம்மாவுக்கு மடிக்கிற நாற்காலி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.